சிறைவாசலில் ஒரு குழந்தை

சிறையிலிருப்பவரைக் காணும் அனுமதி அதிகாரி இரங்கி அளிக்கும் சலுகையா, அன்றி உரிமையா?

1979 நவம்பரில் பிரான்சிஸ் கோரலி முல்லின் என்னும் பிரிட்டிஷ் மாது, கடத்தலைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் டில்லி மத்தியச் சிறையில் வைக்கப்பட்டார். அவருடைய ஐந்து வயது மகளைத் தாயின் சகோதரி பராமரித்து வந்தார். தாயும் மகளும் சந்திக்க மாதத்திற்கு ஒரு முறையே அனுமதி. விசாரணைக் கைதிகளுக்கோ வாரம் இருமுறை. 1981 ஜனவரி 13-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் என்பது மானத்துடன் வாழ்வது. உற்றாரைக் காண்பதும் அதில் அடங்கும் என்று நீதிபதி பகவதி விளக்கினார். வாரம் இருமுறையேனும் சந்திப்பு வேண்டும் என்பதும் அத்தீர்ப்பே.

தீர்ப்பு இருந்தும் வாசல் எளிதில் திறப்பதில்லை. மைசூர் ஹெப்பாளில் ஆலைவேலைக்கு வந்த தமிழ்ப் பெண்ணொருத்தி, தன் குழந்தையின் தந்தையைக் காணச் சென்றாள். மணச்சான்று இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டனர். அவளுக்குக் கன்னடத்தில் மனு எழுதித் தந்தேன். மனைவி என்ற உறவோடு, தந்தையைக் காணும் குழந்தையின் தேவையையும், பிறப்புச் சான்றையும் அதில் குறிப்பிட்டேன். விடை இன்னும் வரவில்லை.

அயல்மொழி நாட்டில் வாழும் நாம், வாய்மொழி மறுப்பைக் கேட்டுத் திரும்பிவிடுகிறோம். அது தகாது. மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தந்தை குற்றவாளியாகவே இருப்பினும், குழந்தை எக்குற்றமும் செய்ததன்று.