மீண்டும் டிராயிங் போர்டுக்கு



எனக்குக் கொடுத்திருப்பது கொஞ்ச நேரம்தான். அதனால் ஒரே ஒரு ஆங்கிலச் சொற்றொடரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "பேக் டு தி டிராயிங் போர்டு". போட்ட திட்டம் சரிப்படவில்லை, முதலிலிருந்து யோசிக்கணும் என்று அர்த்தம். டிராயிங் போர்டையே கண்ணால் பார்க்காதவர்கள்கூட இன்று இதைச் சொல்கிறார்கள்.

இது பரவக் காரணம் ஒரு கார்ட்டூன். 1941 மார்ச்சில் அமெரிக்காவின் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் பீட்டர் ஆர்னோ வரைந்தது. ஒரு விமானம் தரையில் மோதி நொறுங்கிக் கிடக்கிறது. எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். அதை வடிவமைத்தவர் மட்டும் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடையைக் கட்டுகிறார். அவர் சொல்வதாகத்தான் இந்த வசனம்.

சிரிப்பு எங்கே இருக்கிறது? மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே, அங்கேதான்! உடைந்ததைப் பார்க்காமல் போனால் போர்டில் எதை வரைவார்? பழைய தப்பையே புதுத் தாளில் வரைவார்.

இது வெறும் வேடிக்கை இல்லை. 1952-இல் சேவைக்கு வந்த பிரிட்டனின் காமெட்தான் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரியில் ஒரு காமெட் இத்தாலி அருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். காரணம் உறுதியாகத் தெரியும் முன்பே, இதுவோ அதுவோ என்று பல திருத்தங்கள் செய்து மார்ச்சில் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-இல் இன்னொன்று விழுந்தது. மேலும் 21 பேர்.

அதன் பிறகுதான், கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளை ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். வேறொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். தகட்டில் வெட்டிய திறப்பின் மூலையிலிருந்து விரிசல் ஓடியது. உலோகச் சோர்வு! அதற்குப் பிறகு வரைந்த காமெட்-4, 1958 அக்டோபரில் பயணிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டியது.

தம்பி தங்கைகளே, இப்போது கம்ப்யூட்டரில் பழைய டிராயிங்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க ஒரு நிமிஷம் போதும். அதுதான் ஆபத்து. புராஜெக்ட் சொதப்பினால் அழிக்காதீர்கள். உடைந்த துண்டைக் கையில் எடுத்து, எந்த மூலையில் விட்டது என்று பாருங்கள். போர்டு எங்கேயும் போய்விடாது.