‘பழையபடி’ என்றால் எந்தப் பழையபடி?



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ‘விம்’ பற்றிப் பேசப் போகிறேன். பாத்திரம் தேய்க்கிற விம் இல்லீங்க. லினக்ஸ் சர்வரில் கோப்புகளைத் திருத்தத் திறக்கிறோமே, அந்த எடிட்டர். புதுப் பதிப்பு வந்ததும் எங்கள் தொழிலில் எழுகிற முதல் குரல், “இதைப் பழையபடி ஆக்கிக் குடுங்கப்பா!” என்பதுதான். நியாயமான ஆசை. ஆனால் எந்தப் பழையபடி?

தாத்தா காலத்துப் பழசு ஒன்று உண்டு. 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ‘வீ-ஐ’. அவர் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் ஹெச், ஜே, கே, எல் சாவிகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. இன்றைக்கும் நம் விரல்கள் அங்கேதான் ஓடுகின்றன. அதை அடியொற்றி பிராம் மூலினார் 1991-இல் வெளியிட்டது விம். வீ-ஐ பழகியவர்களுக்காக ‘கம்பாட்டிபிள்’ என்ற ஒரு அமைப்பும் அதில் உண்டு.

நம்மவர்கள் பலர் ‘பழையபடி’ என்றதும் இதைத்தான் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பாருங்கள் வேடிக்கையை! விம்மில் ‘யு’வைத் தட்டத் தட்ட ஒவ்வொரு மாற்றமாகப் பின்னே போகும். வீ-ஐ முறையில் இரண்டாவது ‘யு’ முதல் ‘யு’வையே ரத்து செய்யும்; நீக்கிய தவறு திரும்ப வந்து உட்காரும். எழுதும்போது அம்புச் சாவியைத் தொட்டால் புதுவரியில் ஏ, பி என்று எழுத்து முளைக்கும். காரணம், அந்தச் சாவி அனுப்புவது எஸ்கேப், ஓ, ஏ என்ற மூன்று குறிகள். எஸ்கேப் எழுதும் நிலையை முடிக்கிறது, ஓ புதுவரி திறக்கிறது, ஏ அங்கே பதிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கோப்பில் இது நடந்தால் எப்படியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலோர் கேட்கிற பழசு அது இல்லை. 2016-இல் வந்த 8.0-க்கு முந்தைய விம்தான். அந்தப் பதிப்பில் ‘டிஃபால்ட்ஸ்’ என்றொரு கோப்பு சேர்ந்தது. வண்ண எழுத்து, ஒழுங்கான பேக்ஸ்பேஸ் எல்லாம் அதனால் கிடைத்தவை. கூடவே மவுஸும் விம்மின் கைக்குப் போனது. திரையிலிருந்து நாலு வரியை மவுஸால் இழுத்துக் காப்பி எடுக்கிற பழக்கம் அன்றோடு கெட்டது. (அவசரத்துக்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுங்கள், அநேக டெர்மினல்களில் வேலை செய்யும்.)

சொந்தமாக ஒரு ‘விம்ஆர்சி’ கோப்பு, காலியாக இருந்தாலும் சரி, வைத்திருந்தால் டிஃபால்ட்ஸ் வராது. ஆனால் வண்ணமும் பேக்ஸ்பேஸும் சேர்ந்தே போய்விடலாம். ஆகவே என் யோசனை இரண்டே வரி. முதல் வரியில் ‘சோர்ஸ்’ கட்டளையால் டிஃபால்ட்ஸ் கோப்பை நீங்களே வரவழையுங்கள். அடுத்த வரியில் ‘செட் மவுஸ்’ என்று போட்டு, சமக்குறிக்குப் பின் ஒன்றும் எழுதாமல் விடுங்கள். உறுத்தியது மட்டும் போகும், மற்றதெல்லாம் இருக்கும்.

சர்வர் நிர்வாகம் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. பொதுக் கோப்பில் மவுஸை அணைத்துவிட்டு, “எல்லாருக்கும் சரி பண்ணிட்டேன்” என்று வீட்டுக்குப் போகாதீர்கள். சொந்த விம்ஆர்சி இல்லாதவருக்கு டிஃபால்ட்ஸ் கோப்பு அதற்குப் பிறகுதான் ஏறும். நீங்கள் அணைத்ததை அது மறுபடி போட்டுவிடும். பொதுக் கோப்பிலேயே ‘ஸ்கிப் டிஃபால்ட்ஸ் விம்’ என்ற மாறியை 1 ஆக்கி, வேண்டியதை அங்கேயே எழுதிவிடுங்கள். மாணவர்கள் சாயங்காலம் லேபில் செய்து பாருங்கள், நானும் வருகிறேன்.