தூக்கிக்கொண்டு போவதா பராமரிப்பு?

(ஏனாத்தூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாற்பது வருஷம் பட்டு நெய்தவருக்குக் கண் மங்கினால் கூலி நிற்கிறது. நாற்று நட்ட கைக்கும் அதே கதி. அவர் கோயில் வாசலில் கையேந்தினால்? வாரண்டு இல்லாமலே பிடிக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்தது, வெள்ளைக்காரன் காலத்து 1945ம் வருஷச் சட்டம்! அதேபோன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018ல் டில்லி ஹைகோர்ட் ரத்து செய்தது. ஆனால் அது டில்லிக்கு மட்டும்.

2018 பிப்ரவரியில், நம் ஜில்லா பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லத்திலிருந்து நூற்றுக்கணக்கானோரை அதிகாரிகள் வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். புகார் வந்தால் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் எங்கே வாழ்வது என்பதை முதியவரைக் கேட்காமல் முடிவு செய்யலாமா?

2021 ஜனவரியில் இந்தூர் மாநகராட்சி ஊழியர்கள் வீடற்ற முதியோரை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே சாலையில் இறக்கினார்கள். தட்டிக்கேட்டது யார்? அங்கிருந்த கிராமத்து ஜனங்கள்! அதன் பிறகே திரும்ப ஏற்றிக்கொண்டார்கள்.

கவனிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சம்மதம் கேள் என்கிறோம். 2007ல் தொடங்கிய முதியோர் பென்ஷனில் மத்திய சர்க்கார் வைத்த பங்கு மாதம் 200 ரூபாய். எத்தனை நாள் அரிசிக்குக் காணும்?

தோழர்களே! வயிறு நிறையப் பென்ஷன் கேட்போம். லாரி வந்தால், அந்தக் கிராமத்து ஜனங்களைப் போல் ஒன்றுபட்டு நிற்போம்!