பாலர் மொழியும் பெற்றோர் செவியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சங்கக் கூட்டங்களில் பெரும்பாலும் கல்வி நிதி, கலியாண மண்டபக் கணக்கு, கூலி நிலுவை முதலிய பெருங்காரியங்களே பேசப்பட்டு வருகின்றன. அவை பேசத்தக்கவையே. இன்று காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்ட பொருளோ மிகச் சிறிது. பள்ளிவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் அன்று நடந்தவற்றைச் சொல்லும்போது பெற்றோராகிய நாம் அதனை எவ்வாறு கேட்கின்றோம் என்பதே அது. இதற்கும் ஒரு பிரசங்கம் வேண்டுமோ என்று முன்வரிசைப் பெரியவர் சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. நான்கு மாதங்களுக்கு முன் எம்மிடம் எவரேனும் இப்பொருளைக் கூறியிருப்பின் யாமும் அவ்வாறே நகைத்திருப்போம்.

நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட நம்மவர் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்பு இக்கேள்வி எழுந்ததேயில்லை. குழித்தறியில் நெய்பவர் கால்களைக் குழிக்குள் மிதியின்மேல் வைத்துத் தரைமட்டத்தில் அமர்ந்திருப்பார். பள்ளியிலிருந்து ஓடிவரும் பிள்ளை தறியருகே வெறுந்தரையில் உட்கார்ந்தால் தகப்பனார் முகமும் பிள்ளையின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். பிள்ளையின் கை தார் சுற்றும். வாய் அன்றைய கதையைச் சொல்லும். இழை அறுந்தால் தறி நிற்கும், பேச்சும் நிற்கும். இழையை முடிந்தபின் இரண்டும் தொடரும். தகப்பனார் கண் பாவின்மேல் இருக்குமேயன்றிப் பிள்ளையை உறுத்து நோக்காது. யாம் எம் தந்தையாரிடம் சொல்லிய இரகசியங்கள் யாவும் அவ்வாறு சொல்லியவையே. நேருக்கு நேர் நிறுத்தி அவர் வினவியிருந்தால் ஒன்றையேனும் சொல்லியிருப்போமா என்பது ஐயமே.

அக்காலம் பொற்காலமென்று சாதிக்க யாம் வரவில்லை. அவ்வாறு தார் சுற்றிய பிள்ளைகளிற் பலர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றனர். அடி உதையும் அப்பொழுது மலிவாகவே கிடைத்தது. ஆயினும், பிள்ளை பேசுவதற்கு ஓர் இடம் வீட்டின் நடுவில் இருந்தது.

பின்பு விசைத்தறி வந்தது. கொட்டகைக்குள் ஒருவர் காதில் மற்றொருவர் வாய்வைத்துக் கூவினாலன்றி ஒன்றும் கேளாது. கைச்சாடையாற் பேசப் பழகியவர் நம்மில் அநேகர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து வருபவர் காதில் வீட்டிற்கு வந்த பின்னும் அவ்விரைச்சல் ஓய்வதில்லை. அவர் வேண்டுவது மௌனம் ஒன்றே. பிள்ளை வாய் திறந்தால் 'போய்ப் படி' என்பதே விடையாகின்றது. தறியை விட்டு உத்தியோகத்திற்கும் வியாபாரத்திற்கும் சென்ற நம்மவர் நிலையும் இதனின் வேறன்று. அங்கே கொட்டகையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது.

கேட்க முற்படும் பெற்றோரும் இல்லாமலில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே வினா: 'இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது?' விடையும் ஒன்றே: 'ஒன்றுமில்லை.' காலை முதல் மாலை வரை ஒரு குழந்தை கண்டதையும் கேட்டதையும் ஒரே வாக்கியத்தில் அள்ளித் தரும்படி கேட்டால் அது வேறென்ன சொல்லும்? நம்மையே ஒருவர் 'இவ்வருஷம் உமக்கு என்ன நடந்தது?' என்று வழிமறித்துக் கேட்டால் நாமும் அவ்வாறே விழிப்போம். இரண்டாம் வகுப்பிற் படிக்கும் எம் மகளிடம், 'இன்று காலைச் சிற்றுண்டி கிச்சடியா, பொங்கலா?' என்று மட்டும் எம் மனைவியார் கேட்பார். பொங்கல் என்று தொடங்கும் விடை, சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தது, அதைத் துப்பியவள் யார், அவள் ஏன் அழுதாள், அழுதவளுக்கு யார் தன் இரப்பரைக் கொடுத்தாள் என்று விளக்கேற்றும் வரை நீளும்.

இவ்விஷயத்தில் மனோதத்துவ அறிஞர் ஆராய்ந்து கண்டதொன்றை இங்கே சொல்லுதல் தகும். அமெரிக்க அம்மையார் காதரின் நெல்சன் என்பவர் 1989-இல் ஒரு நூல் வெளியிட்டார். எமிலி என்னும் பெயரால் அதிற் குறிக்கப்படும் இரண்டு வயதுப் பெண் குழந்தை, பெற்றோர் படுக்க வைத்துவிட்டுச் சென்றபின், உறங்குமுன் இருட்டில் தனக்குத் தானே பேசியவற்றை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த நூல் அது. நடந்தது எது, நாளை நடக்கவிருப்பது எது என்று அக்குழந்தை தனியே தொடுத்துப் பார்த்த பேச்சு, பெற்றோரோடு பேசிய பேச்சைக் காட்டிலும் செறிவுடையதாக இருந்ததாம். அன்றாட நிகழ்ச்சியைச் சொல்லிச் சொல்லியே குழந்தை அதனை விளங்கிக்கொள்ளுகின்றது என்பது இதனாற் பெறப்படும். யாரும் கேளாவிடினும் அது சொல்லும், தனக்குள்ளே சொல்லிக்கொள்ளும். ஆயின், தவறாக விளங்கிக்கொண்டதைத் திருத்துவார் அங்கே இரார்.

போலந்து தேசத்து வைத்தியரும் அநாதைப் பிள்ளைகளைப் பேணியவருமான யானுஷ் கோர்ச்சாக் என்பவரும் இதனை நன்கு அறிந்திருந்தார். பிள்ளைகளே தம் சிறு துயரங்களையும் சண்டைகளையும் எழுதியனுப்ப, அவற்றை அச்சிடும் பத்திரிகை ஒன்றை 1926-இல் வார்சா நகரில் அவர் தொடங்கினார். பெரியவர்க்கு அற்பமாய்த் தோன்றுவது பிள்ளைக்கு அற்பமன்று என்பது அவர் கொள்கை. 1942-இல் ஜெர்மானிய நாஜிகள் அவருடைய பிள்ளைகளைக் கொலைக்களத்திற்குக் கொண்டு சென்றபோது, அவர்களைத் தனியே விடாது உடன் சென்று உயிர் துறந்தார்.

இனி, எம் வீட்டிற்கு வருவோம். சொல்லக் கூச்சமே. எனினும் சொல்லாமற் போனால் இதுகாறும் பேசியது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகும்.

எம் மகன் ஏழாம் வகுப்பிற் படிக்கின்றான். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, உபாத்தியாயர் ஒருவர் அளவுகோலால் தன் விரற்கணுவில் அடித்தார் என்று சொன்னான். சொல்லி முடிக்குமுன் யாம் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். மறுநாளும் பள்ளிக்குச் சென்று, பலர் பார்க்க உரத்த குரலில் நியாயம் பேசினோம். நியாயம் எம் பக்கமே இருந்தது. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மாணவரை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் ஒருங்கே தடுக்கின்றது. ஆனால், புறப்படுமுன் 'யாம் என்ன செய்யவேண்டும் என்று நீ விரும்புகின்றாய்?' என்று பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டோமில்லை. அடித்த வலி ஒரு நாளில் ஆறியது; 'அப்பாவைக் கூட்டி வந்தவன்' என்று வகுப்பிற் பிள்ளைகள் செய்த ஏளனம் ஒரு மாதம் நீண்டது. அன்று தொடங்கி எம் மகன் எமக்குத் தந்த விடை 'ஒன்றுமில்லை' என்பதே. யாமும், பிள்ளை வளர்ந்துவிட்டான், அடக்கம் வந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தோம்!

நான்கு மாதங்களுக்கு முன் அவனுடைய சோற்றுப் பாத்திரம் நாள்தோறும் நிறைந்தபடியே திரும்பி வரலாயிற்று. எம் மனைவியார் கேட்டார், பசியில்லை என்றான். யாம் அதட்டினோம், அதற்கும் பசியில்லை என்றான். எம் அன்னையார் முதுமையிலும் அண்டை வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர். மாலையில் அவன் அவரருகே போய் அமர்ந்து நூற்சிட்டத்தின் சிக்கெடுத்துத் தருவான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கதை கேட்கும் குழந்தைகள் 'உம்' கொட்ட வேண்டுமென்பது நம் வீடுகளிற் பழைய வழக்கம். கொட்டாவிடின் கதை நின்றுவிடும். எம் அன்னையார் அவ்வழக்கத்தைத் திருப்பிக்கொண்டார்: பேரன் ஏதேனும் முணுமுணுத்தால், ராட்டையிலிருந்து கண்ணெடாமல் 'உம்' என்பார். ஒரு மாலையில் வந்ததன்று அக்கதை. ஐந்தாறு மாலைகளில் துண்டு துண்டாக வந்தது.

இரண்டு வருஷமாக அவன் ஒரு தோழனோடு சோறு பகிர்ந்துண்டு வந்தான். அத்தோழன் வேறு ஜாதிப் பிள்ளை. நம் சங்கத்தின் ஆண்டு விழாவன்று பாலர் மணிக்கட்டில் கட்டிய இருநிறக் கயிற்றோடு எம் மகன் பள்ளிக்குச் சென்றான். மேல் வகுப்பிற் படிக்கும் நம் குலத்துப் பிள்ளைகள் சிலர் அதைக் கண்டு, 'கயிறு கட்டினவன் அவன் பாத்திரத்தில் கை வைக்கலாமா?' என்று மறித்தனர். மறுநாள் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் மறைத்தான், அதையும் கண்டுபிடித்தனர். தோழனோடு உண்டால் இவர்கள் பகை. இவர்களோடு உண்டால் தோழனுக்கு நோவு. ஆகவே, ஒருவரோடும் உண்ணாமல் பாத்திரத்தை மூடியபடியே கொண்டு வந்தான்.

கடைசி மாலையில் அவன் சொல்லியது இது: 'அப்பாயி, இதை அப்பாகிட்டச் சொல்லாதீங்க. அவங்க வீட்டைப் பத்தி அப்பாவும் அப்படித்தான் திண்ணையில சொன்னாங்க.'

சொன்னது உண்மையே. உறவினர் நால்வரோடு பேசிக்கொண்டிருந்தபோது யாம் ஒரு சொல் சொன்னோம். அதனை இந்தச் சபையில் மீண்டும் சொல்ல நா எழவில்லை. பிள்ளை அப்பொழுது உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் பேச்சை யாம் கேளாதிருந்த மாதங்களிலும் எம் பேச்சை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அக்கயிற்றை விழா மேடையில் அவன் மணிக்கட்டிற் கட்டிய கையும் எம் கையே.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், பட்டியல் சமூகத்து மாணவர் ஒருவரும் அவர் தங்கையாரும் பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்மேல் அரசினர் அமைத்த நீதிபதி சந்துரு அவர்கள் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர் ஜாதியைக் குறிக்கும் வர்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை அணிந்து வரலாகாதெனப் பரிந்துரைத்தது. அதைப் பத்திரிகையிற் படித்தபோது, எங்கோ தென்கோடிச் செய்தி என்று மடித்து வைத்தோம். அந்தக் கயிறு எம் வீட்டுச் சட்டைப் பைக்குள் கிடந்தது.

அம்முறை யாம் பள்ளிக்கு ஓடவில்லை. திண்ணையிற் சொல்லிய சொல் தவறு என்று மகனிடம் சொன்னோம். தகப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்பது நம்மவருக்குள் புதிது. எமக்கும் நா தடுமாறியது. அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரம் நாள்தோறும் மாலையில் அன்னையாரின் ராட்டையருகே தரையில் யாமும் அமர்ந்து, நூலிற் சிக்கெடுத்தோம். அவ்வேலையில் எம் கை மகா மோசம் என்பதைக் கண்டு அவன் முதன்முதல் சிரித்தான். அதன் பின்புதான், தோழனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்கு அழைக்கலாமா என்று கேட்டான். அப்பிள்ளை வந்து, அன்னையார் சுட்ட தோசையை உண்டு சென்றான். எல்லாம் சீர்ப்பட்டது என்று சொல்வதற்கில்லை. வந்தது அந்த ஒரு முறையே. முன்போல் அவன் பேசுவதில்லை என்று எம் மகன் சொல்கின்றான். சொல்கின்றான் என்பதொன்றே எமக்கு இப்பொழுது ஆறுதல்.

இடையே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 'உம்' என்று கேட்டிருத்தல் மட்டும் போதாத பேச்சும் உண்டு. பெரியவர் ஒருவர் தகாத முறையில் தொட்டார் என்று பிள்ளை சொல்லுமாயின், அவர் நெருங்கிய உறவினராயினும், நம் சங்கத்துப் பிரமுகராயினும், குலமானம் கருதி மூடி மறைத்தல் கூடாது. 2012-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அறிந்தவர் அதனைப் போலீஸாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவியாமை குற்றம். 1098 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் தொலைபேசியில் சொல்லலாம், பிள்ளையே சொல்லலாம். ஆனால், முருங்கைக்காய்க் கதைக்குச் செவி கொடாத வீட்டில் இக்கதை மட்டும் எப்படி வெளிவரும்?

இப்பிரசங்கத்தை எழுதியபின் எம் மகனிடம் படித்துக் காட்டினோம். தோழன் பெயரையும் வகுப்பையும் ஊரையும் நீக்கும்படி சொன்னான்; நீக்கினோம். கயிற்றின் கதையைச் சொல்லலாமா என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, 'அதைச் சொல்லத்தானே போறீங்க?' என்றான்.

ஆதலின், அக்கிராசனர் அவர்கள் அநுமதியோடு ஒரு தீர்மானத்தை இங்கே பிரேரேபிக்கின்றோம். வருகின்ற ஆண்டு விழாவிற்கென நம் இளைஞர் பிரிவினர் வர்ணக் கயிறுகளுக்குக் கொடுத்துள்ள ஆர்டரை ரத்து செய்ய வேண்டும். இதுவரை வழங்கியவற்றைப் பிள்ளைகள் பள்ளிக்கு அணிந்து செல்லாதபடி பெற்றோரே கழற்றி வைக்க வேண்டும். முன்பணம் திரும்பக் கிடைப்பது அரிது என்று பொக்கிஷதார் அவர்கள் காலையிலேயே எம்மிடம் சொல்லிவிட்டார்கள். அத்தொகையை யாமே செலுத்திவிடுகின்றோம். ஆமோதிப்பவர் எழுந்து நிற்கலாம்.