ஒரு கிலோ முறுக்குக்கு எத்தனை பை?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



"குழுத் தொழிலில் லாபம் ஈட்டுவது எப்படி" என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் லாபம் ஈட்டிய கதையைவிட, லாபம் என்று நினைத்து நஷ்டப்பட்ட கதைதான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் குழுவில் தொழில் பார்ப்பவர்கள் 8 பேர். இரண்டு தொழில். ஒன்று கைச்சுத்து முறுக்கு. அது எங்கள் அம்மா காலத்திலிருந்து கையில் இருப்பது. இன்னொன்று மஞ்சப்பை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை வந்தது, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் வந்தது. அப்போது வங்கிக் கடன் வாங்கி மோட்டார் மெஷின் 8 போட்டோம். துணி, ஆர்டர் கொடுப்பவர்களுடையது. நமக்குப் பைக்கு 5 ரூபாய் தையல் கூலி.

வாரத்தில் 3 நாள் தையல், 3 நாள் அடுப்பு. "ரெண்டு தொழிலும் நமக்கு நல்லா வருது, எதுக்கு ஒண்ணை விடணும்?" இதுதான் எங்கள் கொள்கை. ஒருத்தி ஒரு நாள் உட்கார்ந்தால் 60 பை தைப்பாள். அதே ஒருத்தி அடுப்படியில் நின்றால் 6 கிலோ முறுக்கு. மாவு, எண்ணெய், விறகு எல்லாம் போக கிலோவுக்கு 40 ரூபாய் நிற்கும்.

ஒரு நாள், நாங்கள் முறுக்குப் போடுகிற வாரப் பாதியில், ஒரு ஜவுளிக்கடைக்காரர் 1,400 பை கேட்டு வந்தார். மூன்றே நாளில் வேண்டும் என்றார். "அண்ணே, இந்த மூணு நாளும் முறுக்கு ஏற்பாடு பண்ணிட்டோம், அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நான்தான் அனுப்பி வைத்தேன். அந்த மூன்று நாளில் 144 கிலோ போட்டோம். 5,760 ரூபாய் நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். நான் வரவு எழுதினேன், 5,760. செலவுப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அன்று ராத்திரி படுக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த 1,400 பையைத் தைத்திருந்தால் 7,000 ரூபாய். அப்படியென்றால் நாங்கள் 5,760 சம்பாதிக்கவில்லை. 7,000-ஐக் கொடுத்து 5,760-ஐ வாங்கியிருக்கிறோம். அந்த 8 மெஷினும் மூணு நாள் சும்மா கிடந்தது. கடனுக்கு வட்டி மட்டும் சும்மா கிடக்கவில்லை. கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி வரவே இல்லை.

இப்படி ஒன்றைச் செய்வதற்காக நாம் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறதே, அதைப் பொருளாதாரப் பாடத்தில் "வாய்ப்புச் செலவு" என்று சொல்கிறார்கள். கையிலிருந்து காசு போனால் நமக்குத் தெரியும். கைக்கு வர வேண்டியது வராமல் போனால் தெரியாது. ரசீது இல்லாத செலவு அது.

சரி, முறுக்கை விட்டுவிட்டு முழுக்கப் பை தைத்தால் என்ன என்று கேட்பீர்கள். விட முடியாது. நாலு கடைக்கு வாரம் தவறாமல் முறுக்குப் போடுகிறோம். 144 கிலோ கொடுத்தே ஆக வேண்டும். நிறுத்தினால் அடுத்த வாரமே வேறு சரக்கு வந்து உட்கார்ந்துவிடும். அப்போதுதான் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தது.

அந்தக் குழுவிலும் 8 பேர். அவர்களும் இரண்டு தொழிலும் செய்தார்கள். ஆனால் பழைய கால்மெஷின். நூல் அறுந்து அறுந்து ஒருத்தி ஒரு நாளைக்கு 20 பைதான் தைக்க முடியும். முறுக்கு 5 கிலோ. அதாவது பையிலும் நாங்கள்தான் மேல், முறுக்கிலும் நாங்கள்தான் மேல். "ரெண்டுலயும் நம்மளவிடக் கம்மியா செய்யிறவங்ககிட்ட நமக்கு என்ன வேலை?" என்று நான் வாய் திறந்தே சொன்னேன். சொன்னதற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததில்லையாம். 1817-ல் டேவிட் ரிக்கார்டோ என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு புத்தகத்தில் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கிலாந்தில் ஓரளவு துணி நெய்ய ஒரு வருஷத்துக்கு 100 ஆள் வேண்டும், ஓரளவு திராட்சை மது செய்ய 120 ஆள். போர்ச்சுகல்லில் அதே மதுவுக்கு 80 ஆள், அதே துணிக்கு 90 ஆள் போதும். (மது என்றதும் முகம் சுளிக்காதீர்கள், கணக்குக்காகத்தான்!) இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. ஆனாலும் போர்ச்சுகல் மதுவை மட்டும் செய்து, இங்கிலாந்து துணியை மட்டும் நெய்து, ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? இங்கிலாந்துக்கு 220 ஆள் வேலை 200-ல் முடியும். போர்ச்சுகல்லுக்கு 170 ஆள் வேலை 160-ல் முடியும். இரண்டு பேருக்கும் மிச்சம்.

யார் கெட்டிக்காரர் என்பதல்ல கேள்வி. யார் எதை விட்டு எதைச் செய்கிறார் என்பதுதான் கேள்வி. நாங்கள் 1 கிலோ முறுக்குப் போட்டால் 10 பையை விடுகிறோம். அவர்கள் 1 கிலோ போட்டால் 4 பையைத்தான் விடுகிறார்கள். வேகம் எங்களுக்கு அதிகம் என்றாலும், முறுக்கு மலிவாக விளைவது அவர்கள் அடுப்பில்தான். இதற்கு "ஒப்பீட்டு நன்மை" என்று பெயர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன்பு இரண்டு குழுவும் வாரம் 3 நாள் பை, 3 நாள் முறுக்கு.

நாங்கள்: 1,440 பை, 144 கிலோ.
அவர்கள்: 480 பை, 120 கிலோ.
மொத்தம்: 1,920 பை, 264 கிலோ.

மாற்றியபோது அவர்கள் 6 நாளும் முறுக்கே போட்டார்கள். 240 கிலோ. மீதி 24 கிலோவை நாங்கள் சனிக்கிழமை அரைநாளில் போட்டோம். மற்ற நேரமெல்லாம் தையல். 2,640 பை. முறுக்கு அதே 264 கிலோ. பை மட்டும் 720 கூடுதல். ஒரு ஆள் கூட்டவில்லை, ஒரு மணி நேரம் கூட்டவில்லை, ஒரு ரூபாய் கடன் வாங்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்த 720 யாருக்கு?

எங்கள் கடைகளுக்கு வேண்டிய முறுக்கில் 120 கிலோவை அவர்கள் போட்டுத் தர வேண்டும். பதிலுக்கு, அவர்கள் பிடிக்கிற பை ஆர்டரை நாங்கள் தைத்துத் தர வேண்டும். சாமான் செலவு அவரவர் ஆர்டருக்கு அவரவர், மாற்றிக்கொள்வது உழைப்பை மட்டும். பேச்சுவார்த்தைக்கு நோட்டோடு போனேன். "கிலோவுக்கு 5 பை. நீங்களே தைச்சா 4 பைதானே வரும்? உங்களுக்கு லாபம்தான்" என்றேன். பொய் இல்லை. லாபம்தான்.

அந்தக் குழுத் தலைவி வயதானவர். பெரியம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு கை புளியங்கொட்டை எடுத்துவந்து பாயில் போட்டார்.

"120 கிலோ முறுக்குப் போட ஒனக்கு எத்தனை நாக்கூலி ஆகும் தாயி?"

"20 பெரியம்மா."

20 கொட்டையை வரிசையாக வைத்தார். "ஒரு கொட்டைக்கு 60 பை. இது அத்தனையும் நாங்க முறுக்கைப் போட்டுக் குடுக்குறதால ஒனக்கு மிச்சமாகுற வேலை. சரியா?"

"சரி."

"அதே முறுக்குக்கு எங்க பிள்ளைக 24 நாள் நிக்கணும். அந்த நாள்ல நாங்க 480 பை தச்சிருப்போம். அது 8 கொட்டை." எட்டைத் தள்ளி வைத்தார். "இது எங்க மொதலு. மீதி 12 இருக்கு. அதுதான் நாம சேந்ததுல வந்த லாபம். நீ சொல்ற கணக்குல எங்களுக்கு அதுல ரெண்டு, ஒனக்குப் பத்து. நோட்டுல எழுதுனாலும் கொட்டையில எண்ணுனாலும் கணக்கு ஒண்ணுதானே தாயி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 12 கொட்டையை 6, 6 ஆகப் பிரித்தார். எட்டும் ஆறும் 14. கிலோவுக்கு 7 பை. அதுதான் முடிவானது. வாரத்துக்கு அவர்களுக்கு 360 பை கூடுதல், எங்களுக்கு 360 பை கூடுதல். ரூபாயில் ஆளுக்கு ஆள் குழுவுக்கு 1,800. ஷேர் ஆட்டோவுக்கு வாரம் 200, ஆளுக்குப் பாதி. கூட்டமைப்பு முன்னிலையில் தீர்மானம் போட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

சகோதரிகளே, இதை நான் மேடையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேர்ந்து செய்தால் லாபம் வரும் என்பது பாதிப் பாடம்தான். 4-க்கும் 10-க்கும் நடுவில் எந்த விலையில் மாற்றினாலும் இரண்டு பேருக்கும் ஏதோ லாபம் இருக்கும். ஆனால் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதைக் கணக்கு தானாக முடிவு செய்யாது. எதிரில் இருப்பவருக்கும் எண்ணத் தெரிந்திருந்தால்தான் நியாயம் நடக்கும். வெளி வியாபாரி நம்மிடம் வந்து "உனக்கும் லாபம்தானே" என்று சொல்லும்போது, "அய்யா, உங்களுக்கு எத்தனை கொட்டை?" என்று கேட்கப் பழக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு கல்லில் வெட்டியது இல்லை. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, தாம்பூலப் பை ஆர்டர் வராது. அப்போது எங்கள் மெஷினை விட்டு அடுப்புக்குப் போனால் நாங்கள் இழப்பது ஒன்றுமில்லை. அதனால் ஆடியில் நாங்களும் முறுக்குச் சுற்றினோம். அவர்களும் வாரம் ஒருநாள் மெஷினில் உட்கார்ந்து கை பழகிக்கொண்டார்கள். கைத்தொழிலை அடியோடு மறந்துவிட்டு அடுத்தவரையே நம்பியிருப்பதும் ஆபத்துதான்.

முடிப்பதற்கு முன்னால் என் வீட்டுக் கணக்கு ஒன்று. இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். என் மகள் சரி என்றாள், அதனால் சொல்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு முந்தின தீபாவளிக்கு எங்களுக்கு ஆள் பற்றவில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் ஒரு நாளைக்கு 300 ரூபாய். பத்தாவது படிக்கிற என் மகளை 10 நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மாவு பிசையவும் எண்ணெய்ச் சட்டிக்குத் துணையாகவும் வைத்துக்கொண்டேன். 3,000 ரூபாய் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த 10 நாளில் நடத்திய கணக்குப் பாடம் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பொதுத் தேர்வில் கணக்கில் தவறினாள். துணைத் தேர்வு எழுதித் தேறினாள். ஆனால் அதற்குள் அவள் ஆசைப்பட்ட கணினிப் பிரிவில் இடம் நிரம்பிவிட்டது. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவளின் மகள் கணக்கில் தவறினாள் என்று நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தது வலிக்கவில்லை. அந்த 3,000 ரூபாய்தான் இன்றைக்கும் வலிக்கிறது. அவளாக வரவில்லை, நான்தான் நிறுத்தினேன்.

நம் வீடுகளில் கூலி கேட்காத கைகள் நிறைய இருக்கின்றன. பெண் பிள்ளையின் கை, மாமியாரின் கை, ராத்திரி 11 மணிக்கும் உறங்காத நம்முடைய கை. கூலி கொடுக்கவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. அந்த நேரத்தில் அவள் என்ன செய்திருப்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அதுதான் அதன் விலை.

எங்கள் குழுவின் கணக்கு நோட்டில் இப்போது வரவு, செலவு என்ற இரண்டு பத்திக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறோம். தலைப்பு "விட்டது". எந்த வேலை எடுத்தாலும், அதற்காக எதை விட்டோம் என்று அதில் எழுதுகிறோம். சில நேரம் அது ரூபாய். சில நேரம் "பிள்ளையின் பரீட்சை". சில நேரம் "தூக்கம்". எழுதிப் பார்த்துவிட்டும் அதே வேலையை எடுப்பதுண்டு. ஆனால் தெரிந்தே எடுக்கிறோம்.

வருகிற மாதக் கூட்டத்தில் உங்கள் நோட்டிலும் அந்த ஒரு கோட்டைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக் குழுவோடு உட்கார்ந்து, யார் எதை விட்டு எதைச் செய்கிறோம் என்று பேசிப் பாருங்கள். போகும்போது நோட்டு மட்டும் போதாது, ஒரு கை புளியங்கொட்டையும் எடுத்துப் போங்கள்.

பெரியம்மா அதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பேச்சுக்குக் கைதட்டுவதாக இருந்தால் அவருக்குத் தட்டுங்கள்.