மருத்துவமனையில் எத்தனை நாள்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

நம் மஹல்லாவின் குடும்பமொன்று சிறுநீரக மாற்று அறுவைக்காக வெளியூர் சென்றது. 10 நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டுப் புறப்பட்டவர்கள், 26ஆம் நாள்தான் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தனர். கையிலிருந்த பணம் தீர்ந்தபின், அறை வாடகைக்கும் உணவுக்கும் அவ்வீட்டுப் பெண்மணியின் வளையல்கள் வட்டிக்கடைக்குச் சென்றன. ஹராம் என்று அறிந்தும் வேறு வழியின்றி அவ்வாசலில் நின்ற அவர்களின் நிலையை எண்ணியே இன்று இதைப் பேசத் துணிந்தோம்.

“நாள்களை அறிந்தவன் அல்லாஹ் அல்லவா ஹழரத்? மருத்துவரிடம் நாள் கேட்பது தவக்குலுக்கு மாறாகாதா?” என்று அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். மறைவான ஞானம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது, இதில் ஐயமில்லை. எனினும், வரவிருந்த பஞ்சத்திற்காகச் செழிப்பான ஏழாண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன யூஸுஃப் (அலை) அவர்களைவிட மேலான தவக்குல் உடையோராக நாம் ஆகிவிட முடியுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் நம்பிக்கை வைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடமன்றோ!

(உறுப்பு மாற்றே ஆகுமா என்ற வினாவும் எழுகிறது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளுடன் அதனை அனுமதித்தது. மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உள்ளனர். அது தனியே பேச வேண்டிய பொருள்.)

மருத்துவர்கள் நாள்களை எவ்வாறு கணிக்கின்றனர்? உயிரோடிருக்கும் உறவினர் வழங்கிய சிறுநீரகம் பெரும்பாலும் அறுவை மேசையிலேயே சிறுநீரைச் சுரக்கத் தொடங்கிவிடும். தடையேதும் இல்லையெனில் ஒரு வாரம் முதல் 10 நாள்கள் வரை போதுமானவை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்றதாயின், அது பல மணி நேரம் குளிர்நிலையில் வைக்கப்பட்டு வருவதால், சில வேளை உடனே வேலை செய்வதில்லை. அது விழித்தெழும்வரை டயாலிசிஸ் தொடரும். மருத்துவமனை வாசமும் நீளும். புதிய உறுப்பை உடல் எதிர்ப்பது, நோய்த்தொற்று, சிறுநீர்க் கசிவு ஆகிய ஒவ்வொன்றும் நாள்களைக் கூட்டும். கல்லீரல் மாற்றுக்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆவது இயல்பே. அதற்கு ‘மெல்டு’ என்றொரு மதிப்பெண் உண்டு. இரத்தப் பரிசோதனைகளைக் கொண்டு அதைக் கணக்கிடுவர். அமெரிக்காவில் 2002 முதல், கல்லீரல் யாருக்கு முதலில் தேவை என்று முடிவு செய்ய அது பயன்படுகிறது. ஆனால் அம்மதிப்பெண் உயிராபத்தை அளவிட உண்டாக்கப்பட்டது; கட்டில் நாள்களை எண்ணுவதற்கு அன்று.

‘சராசரி’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நோயாளிகள் பத்துப் பேர். எட்டுப் பேர் 8 நாளில் வீடு செல்கின்றனர். ஒருவர் 20 நாளும், மற்றொருவர் 46 நாளும் தங்குகின்றனர். மொத்தம் 130, சராசரி 13. ஆனால் 13ஆம் நாளில் வீடு சென்றவர் ஒருவர்கூட இல்லையே! பழைய பதிவேடுகளைக் கணினியில் இட்டு நாள் கணிக்கும் முறைகளும் இன்று வந்துள்ளன. நூறு பேருக்கு எத்தனை கட்டில்கள் வேண்டும் என்பதற்கு அவை மருத்துவமனைக்கு உதவும். நம் வீட்டு நோயாளி அந்த எட்டுப் பேரில் ஒருவரா, அந்த இருவரில் ஒருவரா என்பதை உறுதியாகச் சொல்லிவிடா.

ஆகவே மருத்துவரிடம் ஒற்றை எண்ணைக் கேளாதீர்கள். தடையின்றி நடந்தால் எத்தனை நாள், தடை வந்தால் எத்தனை நாள் என்று இரண்டையும் கேளுங்கள். அறுவை முடிந்த மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மீண்டும் கேளுங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் இறங்கும் வேகத்தைக் கண்டபின் அவர் கூறும் கணக்கு, முதல்நாள் கணக்கைவிட நெருக்கமாக இருக்கும். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பரிசோதனைக்காகச் சில வாரங்கள் அவ்வூரிலேயே தங்க நேரிடும் என்பதையும் மறவாதீர்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். ஆயினும், உறுப்பை உடல் எதிர்க்காதிருக்கத் தரப்படும் மருந்துகள் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைத்துவிடுகின்றன. வேனில் ஏறிக் கூட்டமாகச் சென்று கட்டிலைச் சூழ்ந்து நின்றால், நம் சளியும் இருமலுமே அவரை மேலும் ஒரு வாரம் அங்கே கிடத்திவிடலாம். தொலைபேசியில் ஸலாம் கூறி, ஷிஃபாவுக்காக இங்கிருந்தே துஆச் செய்வோமாக.

இறுதியாக நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். அரசுக் காப்பீடு அறுவைச் செலவைச் சுமந்தாலும், உடனிருப்போரின் வாடகையும் சோறும் அதில் அடங்கா. இத்தகைய மனுக்களுக்குப் பைத்துல் மால் உதவியை இரு பங்காக்கி, முதற்பங்கைப் புறப்படும்போதும், மறுபங்கை மருத்துவர் சொன்ன நாள் கடந்த மறுநாளே மனு எதுவும் கேளாமலும் அனுப்பிவைக்க ஷூராவில் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.