சங்கோஜம் வேண்டாம்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால், என் மாமனார் அவ்வளவு அவஸ்தைப்பட்டிருக்க மாட்டார்.

அப்போது அவருக்கு வயது 81. ப்ராஸ்டேட் கான்சர் எலும்புக்குப் பரவியிருந்தது. மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்ததும் வலி குறைந்து நன்றாகத் தூங்கினார். பத்தே நாளில் "மாத்திரை வேண்டாம்" என்று பிடிவாதம் பிடித்தார். வைராக்கியம் என்று நினைத்தோம். உண்மையில் ஏழு நாளாக அவருக்கு வெளிக்குப் போகவில்லை. மாட்டுப்பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூசி, வலியையே தாங்கிக்கொண்டிருந்தார்.

"வயிறு மந்தம்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். இசப்கோல் கரைத்துக் கொடுத்தேன். பிறகு வேஷ்டியில் நீராகக் கசிந்தது. பேதி என்றெண்ணி அதை நிறுத்த மாத்திரை கொடுத்தேன். இரண்டுமே தவறு!

வீட்டுக்கு வந்த பாலியேடிவ் நர்ஸ் பரிசோதித்துவிட்டு விளக்கினார். மார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்கும். தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. ஆகவே முதல் மார்ஃபின் மாத்திரையுடனேயே மலமிளக்கியும் தொடங்கி, தினமும் தொடர வேண்டும். குடலைத் தூண்ட சென்னா அல்லது பிஸகோடில். மலம் இளக லாக்டுலோஸ் போன்றவை. எது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அரை டம்ளர் குடிக்கவே சிரமப்படுபவருக்கு அது உள்ளேயே கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். கசிந்தது பேதியல்ல, இறுகிய மலத்தைச் சுற்றி வழிந்த நீர். அன்று எனிமா கொடுத்தபின்தான் அவர் முகம் தெளிந்தது.

அதன்பின் எங்கள் அகத்தில் சில வழக்கங்கள் வந்தன. வெளிக்குப் போன நாளைக் காலண்டரில் குறித்தோம். மூன்று நாள் காலியாக இருந்தால் நர்ஸுக்குப் போன். காலைக் காபி குடித்த அரை மணிக்குள் குடல் தானே அசையும். அந்த நேரத்தில் கமோடு நாற்காலியில் உட்கார்த்தி, பாதத்துக்கு அடியில் மணை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அந்தத் தனிமை அவருக்கு மருந்தைவிட முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. வாந்தி, வயிறு உப்புசம், கடும் வயிற்றுவலி, வாயுவும் பிரியாமை என்றிருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். நாமாக மலமிளக்கி கொடுக்காமல் உடனே டாக்டரை அழைக்க வேண்டும்.

கடைசி இரண்டு மாதமும் என் மாமனார் மார்ஃபினை மறுக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார், பேரனோடு பேசினார். உங்கள் அகத்திலும் வலி மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால், "காபி ஆச்சா?" என்று கேட்பதைப் போலவே "வெளிக்குப் போச்சா?" என்றும் தினம் கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.